தமிழில் வராத வார்த்தை

மாரிசெல்விக்குச் செம்பூரில் ஒரு பள்ளிக்கூட பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில், எல்.கே.ஜி. பிள்ளை ஒன்றின் கையைப் பிடித்துப் படியில் நின்றபோது, 'இதைத் தள்ளிவிட்டுட்டா?' என்று ஒரு நினைப்பு வந்தது. அதற்குப் பிறகு அது அவளை விடவில்லை. தன் கைகளைப் பார்த்தே நடுங்கினாள்.

குர்லாவில் மனநல டாக்டர் அக்தர் பானுவிடம் போனாள். ஓட்டை இந்தியில் ஒருவழியாகச் சொல்லிவிட்டாள். மாத்திரையிலும் பேச்சிலும் நினைப்பு அடங்கியது.

"ஏட்டி, அங்க அரைநாள் காத்துக் கெடக்கே. செம்பூர்ல தமிழ் டாக்டரே இருக்காராம். நம்ம பாஷைல மனசு விட்டுப் பேசலாம்லா?" என்றான் கணவன் பேச்சிராஜா. அவளுக்கு ஏதோ பயம் என்பதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் தெரியாது. சரிதானே என்று அவளுக்கும் பட்டது. பழைய ஃபைலோடு போனாள்.

அங்கே வாசலில் பெயர் பதிந்துகொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். "அக்கா, நீங்க ஸ்கூல் பஸ் அக்காதான? எங்க அக்கா மவன் உங்க பஸ்லதான் வாரான்."

மாரிசெல்வி பையை இறுக்கி மூடிக்கொண்டாள். உள்ளே டாக்டர், "சொல்லுங்கம்மா" என்றார் பரிவாக. தள்ளுவதை இந்தியில் 'தக்கா' என்று சொன்னபோது அது ரயில் நெரிசலில் காதில் விழும் யாரோ ஒருவரின் வார்த்தை. தமிழில் சொன்னால் தள்ளுவது அவளுடைய கை.

"தலைவலி சார்."

ஃபைல் பையை விட்டு வெளியே வரவில்லை.

பழைய மாத்திரை தீர்ந்த பத்தாம் நாள் நினைப்பு திரும்பியது. பஸ் படியில் கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள். பிள்ளைகளைத் தொடவே இல்லை.

"நான் பழைய டாக்டரம்மாட்டயே போறேங்க" என்றாள் பேச்சிராஜாவிடம்.

"ஏன், இவருகிட்ட என்ன குறை?"

"குறையெல்லாம் இல்ல. எனக்குத்தான் வாய் வரல."

விட்டுப் போனவளை இனிச் சேர்ப்பார்களோ, திட்டுவார்களோ என்று குர்லா வரைக்கும் யோசித்துக்கொண்டே போனாள். அக்தர் பானு திட்டவில்லை. எத்தனை நாளாக மாத்திரை இல்லை என்றுதான் முதலில் கேட்டார். "டாக்டரை மாத்துறது தப்பில்லை, சொல்லாம மாத்திரையை நிறுத்தாதே" என்றார் இந்தியில். "நினைப்பு வேற, செய்யறது வேற. செய்யக்கூடாதுன்னுதான் நீ இப்படிப் பயப்படுறே."

மாத்திரையைக் குறைந்த அளவில் மறுபடி தொடங்கினார். பயம் உடனே போகவில்லை. தலைசுற்றல் என்று டிரைவர் மன்சூர் அலியிடம் சொல்லி வைத்தாள். மூன்று வாரம் அவரே இறங்கி வந்து பிள்ளைகளை ஏற்றினார். அவள் கடைசி சீட்டில் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

நாலாவது வாரம் எழுந்து படிக்கு வந்து, ஏற வந்த பிள்ளைக்குக் கையை நீட்டினாள்.