ஜன்னல் போடாத வீடுகள்

அலுவலகத்தில் அவரை 'வானம் சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது, வேறு எங்கும் அதற்குப் புழக்கமில்லை. கட்டப்போகும் கட்டடம் முடிந்தபின் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே படம் போட்டுக் காட்டுவது அவர் வேலை. கட்டடத்தை வடிவமைப்பவர்கள் வேறு. அவர்கள் அளவும் கோடுமாகக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்தக் கோட்டுக்கு வெயில் அடிக்கவைத்து, மரம் நட்டு, வாசலில் நாலு பேரை நடக்கவிட்டு, மேலே ஒரு வானத்தையும் கவிழ்த்துத் தருவது இவர். முதலில் தூரிகையில் போட்டார், பிறகு கம்ப்யூட்டரில் போட்டார். கருவி மாறியதற்காக அவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. கழுத்து வலி இரண்டிலும் ஒன்றுதான்.

அதைக் கலை என்று அவர் சொல்லிக்கொண்டதும் கிடையாது. யாராவது, "ஓவியரா நீங்க?" என்று கண்ணை விரித்தால், "கட்டடத்துக்கு மேக்கப் போடுறேங்க" என்று பேச்சை முடித்துவிடுவார். உள்ளது அதுதான். எந்த மூலை சரியாக அமையவில்லையோ அங்கே ஒரு மரம். எங்கே கழிவுநீர்க் குழாய் அசிங்கமாக இறங்குகிறதோ அங்கே ஒரு கொடி. அவர் படங்களில் துணி காயாது, மின்கம்பி தொங்காது. நடந்துபோகிற ஆட்கள் அத்தனை பேரும் ஒல்லி, ஒருவருக்கும் முழங்கால் வலி கிடையாது.

இவ்வளவு சூட்சுமம் தெரிந்த மனிதர் ஏமாறுவாரா? ஏமாந்தார். அதுவும் தன் கையாலேயே. தான் படம் போட்ட குடியிருப்பு ஒன்றில் தானே ஒரு வீட்டை வாங்கினார். படத்தில் மூன்றாம் மாடி மூலைமேல் பொன்னிறத்தில் சாயங்கால வெயிலைச் சாய்த்திருந்தார். அழகாக இருந்தது. அந்த மூலைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். குடிபோன பிறகுதான் தெரிந்தது, அந்த வெயில் மத்தியானத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது, கூடத்துச் சுவரில் கை வைக்க முடியாது.

மனைவி விடுவாளா? "படத்துல வெயில் சுடாதுல்ல, அதான் உங்களுக்குத் தெரியல" என்றாள். கீழே மொட்டையாகக் கிடந்த சிமெண்ட் தரையைக் காட்டி, "நீங்க வெச்ச மரமெல்லாம் எங்கங்க? நடந்து வந்துக்கிட்டு இருக்கா?" என்றும் கேட்டாள். வந்த உறவினர்கள் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள். அவரும் கூடவே சிரித்து வைத்தார், வேறு என்ன செய்வது?

ஆனால் அந்த வீட்டில் ஒன்றே ஒன்று உருப்படியாக அமைந்தது, பக்கவாட்டில் இருந்த படுக்கையறை ஜன்னல். எதிரே காலி மனை. காற்று அள்ளிக்கொண்டு வரும், காலையிலிருந்து சாயங்காலம் வரை நல்ல வெளிச்சம். முழங்கால்கள் இரண்டும் மக்கர் பண்ண ஆரம்பித்தபிறகு மனைவி மாடிப்படி இறங்குவதை ஏறக்குறைய விட்டுவிட்டாள். ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தையல் கடைக்காரர் கொடுத்தனுப்பும் சட்டைகளுக்குப் பட்டன் வைப்பாள், ஓரம் மடித்துத் தைப்பாள், தங்கையோடு போனில் ஊர்க்கதை பேசுவாள். டியூப்லைட் வெளிச்சத்தில் தைத்தால் அவளுக்குக் கண்ணில் நீர் கொட்டும். மற்றபடி அவளுக்கு அந்த வீட்டைப் பற்றிப் பெரிய புகார் இல்லை. கிண்டல் மட்டும்தான்.

மழைக்காலத்துக்கு முன்னால் ஒருநாள் அலுவலகத்தில் புதிய வேலை ஒன்று அவர் மேஜைக்கு வந்தது. ஆறு மாடிக் குடியிருப்பு. வழக்கம்போல முதலில் தெருவைப் போட்டார், பிறகு அக்கம்பக்கத்துக் கட்டடங்களை வைத்தார். அதற்கு ஒரு தொழில்முறை உண்டு. பக்கத்தில் இருப்பவற்றை வீடாகப் போடக்கூடாது. மொட்டைப் பெட்டியாக வைத்து, மங்கலாகச் சாம்பல் பூசிவிட வேண்டும். கதவு, ஜன்னல், பால்கனி எதுவும் இருக்கக்கூடாது. பார்க்கிறவர் கண் விற்கிற கட்டடத்தை விட்டு அந்தப் பக்கம் போய்விடக் கூடாதல்லவா? அவர் பாட்டுக்கு மூன்று பெட்டிகளை வைத்து, சாம்பல் பூசி, நிழலும் விட்டபிறகுதான் தெருமுனையின் வளைவைக் கவனித்தார். டிரான்ஸ்பார்மர் நிற்கிற வளைவு. மூன்றாவது பெட்டி அவருடைய வீடு.

அளவைப் பார்த்தார். படுக்கையறை ஜன்னலிலிருந்து கையை நீட்டினால் புதுக் கட்டடத்தின் சுவரைத் தட்டலாம்.

அன்று வீட்டுக்குப் போய்ச் சொல்ல வாயெடுத்தார். "இன்னைக்குக் காத்து என்னமா வருது பாருங்க" என்றபடி அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள், கண்ணாடிகூடப் போடாமல். வார்த்தையை மென்று விழுங்கிவிட்டுக் குளிக்கப் போனார். மறுநாளும் அப்படியே. ஒரு நாள் தள்ளிப்போட்டால் மறுநாள் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிடும் என்பது அவருக்குத் தெரியாததா? தெரிந்துதான் தள்ளிப்போட்டார்.

கடைசியில், கட்டடத்தை வடிவமைத்த மேடத்தின் அறைக்குப் போய் நின்றார். கெட்டவர் இல்லை அந்த அம்மாள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, சாப்பிட நேரமில்லாமல் போனில் யாருக்கோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மேடம், இந்தப் பக்கம் கொஞ்சம் உள்ள தள்ளிக்கலாமா?"

"எந்தப் பக்கம் சார்?"

"அந்தச் சாம்பல் பெட்டி இருக்குல்ல, அந்தப் பக்கம்."

"ஏன், அங்க என்ன இருக்கு?"

"நான் இருக்கேன் மேடம்."

மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "விதிப்படி எவ்வளவு விடணுமோ விட்டாச்சு சார். அதுக்கு மேல ஒரு அடி கேட்டாலும் பணம் போடுற முதலாளி குதிப்பாரு" என்றார். பிறகு, "ஒண்ணு பண்ணுங்க. படத்துல நீங்களே தள்ளிப் போட்டுக் காட்டுங்க. பார்த்து மயங்கிட்டார்னா, பிளான மாத்துறது என் பொறுப்பு. அந்த லைப்ரரி படிக்கட்டு எப்படி வந்துச்சு?" என்று கேட்டார்.

அது உண்மைதான். பல வருஷங்களுக்கு முன் ஒரு நூலகத்துக்குப் படம் போட்டபோது, தான் வரைந்த ஆட்களை உட்காரவைக்க இடமில்லையே என்று வாசலில் அகலமாக நாலு படிகளை அவராகவே இழுத்துவிட்டிருந்தார். பிளானில் கிடையாது. பணம் போட்டவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு அந்தப் படிகள் இல்லாமல் முடியாது என்று ஒற்றைக் காலில் நின்றார்கள். கட்டினார்கள். இன்றைக்கும் அதில் ஜனங்கள் உட்கார்ந்து வேர்க்கடலை கொறிக்கிறார்கள். படம் சொல்லிக் கட்டடம் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

இரண்டாம் தடவைக்காக அவர் உட்கார்ந்தார். இரண்டு கட்டடங்களுக்கும் நடுவில் தாராளமாக இடம் விட்டார். காலை வெயிலைச் சாய்வாக உள்ளே இறக்கி, ஈரமான கல்தரையில் படரவிட்டார். சுவரோரம் ஒரு சைக்கிளைச் சாய்த்தார். சாம்பல் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் வீட்டை வீடாகவே போட்டார். மூன்றாம் மாடி ஜன்னலில் பாதி விலக்கிய திரைச்சீலை. அன்று கழுத்து வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். வலித்தது, அவர்தான் கவனிக்கவில்லை. அவர் வாழ்நாளில் போட்ட படங்களிலேயே அதுதான் நல்ல படம். அதை மனதார உணர்ந்தார், கூச்சமாகக்கூட இருந்தது.

முதலாளி வந்தார். பெரிய திரையில் படத்தைப் பார்த்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். "அடடா! கை கொடுங்க சார்" என்றார். வானம் சார் கையை நீட்டினார்.

"அந்தச் சந்துல வெச்சிருக்கீங்களே ஒரு வெளிச்சம், பிரமாதம். அத அப்படியே வாசலுக்குக் கொண்டாந்துடுங்க. சந்த நெருக்கிடுங்க, இடம் சும்மா கெடக்குற மாதிரி தெரியுது. அப்புறம், பக்கத்து வீட்ட எதுக்கு இவ்வளவு துலக்கமா காட்டணும்? எப்பவும் போல மொட்டையா விட்டுடுங்க."

"சார், அந்த இடைவெளி இருந்தா..." என்று மேடம் ஆரம்பித்தார்.

"இடைவெளிய யார் மேடம் வாங்குவா?"

மேடம் வானம் சாரைப் பார்த்தார், பிறகு மேஜையைப் பார்த்தார். "சரிங்க" என்றார் வானம் சார். அதற்கு மேல் வாதாடத் தெம்பு இல்லை.

வெளிச்சத்தைக் கழற்றி வாசலில் மாட்ட ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. சாம்பல் பூசும்போது அவருக்குக் கை நடுங்கியது என்று எழுத எனக்கும் ஆசைதான். நடுங்கவில்லை. பழகிய கை.

மழை விட்டதும் காலி மனையின் ஓரத்தில் இரும்புச் சட்டம் நட்டு, படத்தைப் பேனராக அடித்து மாட்டிவிட்டார்கள். அதைப் பார்க்காமலிருக்க அவர் தெருவின் மறுமுனை வழியாகப் போய்வர ஆரம்பித்தார். பேனர் தெருவைப் பார்த்து நின்றதால் ஜன்னலிலிருந்து பார்த்தால் அதன் முதுகுதான் தெரியும். "என்னவோ விளம்பரம் வெச்சிருக்காங்க" என்று அவள் தங்கையிடம் போனில் சொன்னதோடு சரி. அவர் இன்னும் சொல்லவில்லை.

முழங்காலை டாக்டரிடம் காட்டவேண்டிய நாள் வந்தது. ஒவ்வொரு படியாக உட்காராத குறையாக இறங்கி, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு வந்தாள். வண்டி இன்னும் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏங்க, இது நீங்க போட்டதுதானே? வானத்தப் பார்த்தாலே தெரியுது."

"ம்."

"நல்லாத்தான் இருக்கு." கழுத்தை உயர்த்தி நிதானமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். "இது நம்ம தெரு. இந்த முக்குல டிரான்ஸ்பார்மர் இருக்கணும், அத எடுத்துட்டீங்க. அப்ப இந்தப் பெட்டி... நம்ம வீடா?"

"ஆமாம்மா."

அதற்குப்பிறகு அவருக்கு அடக்க முடியவில்லை. மடை திறந்த மாதிரி எல்லாவற்றையும் சொன்னார். ஜன்னலுக்கு எதிரே சுவர் வரப்போவதை, மேடத்திடம் கேட்டதை, இடம்விட்டுப் போட்ட படத்தை, முதலாளி சொன்னதை, தானே அழித்ததை. தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"மழைக்கு முன்னாடியே."

"சொல்லியிருக்கலாம்ல" என்றாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. "சொல்லியிருந்தா தினமும் இன்னும் கொஞ்ச நேரம் அந்த ஜன்னலோரமா கூடுதலா உக்காந்திருப்பேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் மறுபடியும் பேனரைப் பார்த்தாள்.

"ஒரு ஜன்னல்கூடப் போடலியே."

"பக்கத்து வீடுங்களுக்குப் போடமாட்டோம். எப்பவுமே அப்படித்தான்."

"எல்லாப் படத்துலயுமா?"

"எல்லாத்துலயும்தான்."

வண்டி வந்து நின்றது. அவள் ஏறவில்லை. எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றிக்கொண்டு, அவர் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

"அப்ப, இத்தனை வருஷமா நீங்க வெச்ச அந்தப் பெட்டிக்குள்ளல்லாம், ஆளுங்க இருந்தாங்களாங்க?"

"இருந்தாங்க" என்றார்.