துரைராஜின் மீசையும் எண்பதுக்கு மேல் வரும் விசிலும்

பின் இருக்கையில் ஏறி, செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டுவிட்டால் துரைராஜ் காரில் இல்லை என்று அர்த்தம். சீனிவாசபுரத்துக் கடலில், அப்பாவின் கட்டுமரத்தில், நாலு திசைக் காற்றும் காதில் விழ உட்கார்ந்திருக்கிறார். வண்டி ஓட்டுகிறவர், வேகம் எழுபது வந்தாயிற்று, கேட்கிறதா என்பார். எண்பதைத் தொட்டதும் இடதுகை ஆள்காட்டி விரல் மட்டும் தானாக எழும்பி, ஏதோ ஒரு மூலையைக் காட்டும்.

"வாடை" என்பார் துரைராஜ், கண்ணைத் திறக்காமலே. "சைடு கண்ணாடியாண்ட கீது. ஓரங்கட்டு சார்."

கார்க் கதவுகளுக்கு ரப்பர் மாற்றுவது அவர் தொழில். சிந்தாதிரிப்பேட்டையில், கூவத்துக்கு முதுகைக் காட்டி நிற்கும் ஒரு சந்தில் கடை. கடை என்பதே மரியாதைக்குச் சொல்வதுதான். ஒரு ஷட்டர், ஒரு முக்காலி, உத்தரத்திலிருந்து பாம்புப் பண்ணை மாதிரித் தொங்கும் கறுப்பு ரப்பர்கள், அவ்வளவுதான். ஆனால் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு அடுக்ககங்களில் 'காத்து துரைராஜ்' என்று கேட்டால் காவலாளியே கைப்பேசி எண்ணைச் சொல்லிவிடுவார். ஏழு பேர் உட்காரும் எஸ்யூவியை வாங்கி, அதில் இரண்டு பேராகப் போய், உள்ளே காற்று இரைகிறது என்று மனம் நொந்துபோகிறவர்கள் இந்தப் பக்கத்தில் நாளுக்கு நாள் பெருகிவருகிறார்கள். ஊருக்குள் அந்த வண்டிகள் நாற்பதைத் தாண்டினால் அது ஒரு திருவிழா. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலை ஈ.சி.ஆரில் கால் மணி நேரம் பறக்கும்போது காதோரம் ஒரு விசில் கேட்டுவிட்டால், மீதி ஆறு நாளும் அவர்களுக்குத் துக்கம். அந்தத் துக்கத்தில்தான் துரைராஜ் வீட்டு அடுப்பு எரிகிறது.

காற்றுச் சத்தங்களுக்கு அவர் அப்பா கடலில் வைத்திருந்த பெயர்களையே வைத்திருக்கிறார். பக்கக் கண்ணாடியில் மோதி ஊளையிட்டால் வாடை. கதவு ரப்பர் தளர்ந்து உஸ்ஸென்றால் கச்சான். கூரைக் கம்பியில் குமுறினால் கொண்டல். இதில் கடல் நியாயம் ஏதும் உண்டா என்று மீனவர் யாரும் கேட்டதில்லை; கேட்கும் தூரத்தில் அவர் சொல்வதுமில்லை. கருவிகளும் அப்படித்தான். ஒரு துண்டுச் செய்தித்தாளை வைத்துக் கதவைச் சாத்தி, வெளியே இழுத்துப் பார்ப்பார். இறுக்கிப் பிடித்தால் ரப்பர் நல்லது. வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கேதான் காற்று நுழைகிறது. அப்படியும் பிடிபடாவிட்டால் கதவிடுக்கு எல்லாவற்றிலும் காகித டேப் ஒட்டிவிட்டு ஓடவிடுவார். சத்தம் நின்றால், ஒவ்வொரு டேப்பாக உரித்து மறுபடி ஓடவிடுவார். எதை உரித்ததும் சத்தம் திரும்புகிறதோ அங்கே ஆசாமி ஒளிந்திருக்கிறான்.

அவனைப் பிடித்தால் மட்டும் போதாது, ஒப்படைக்கவும் வேண்டும். இதுதான் துரைராஜின் சட்டம். பிளந்துபோன ரப்பரோ, நெளிந்த கிளிப்போ, சத்தத்துக்குக் காரணமானது எதுவானாலும், அதைச் செய்தித்தாளில் மடித்து வண்டிக்காரரின் உள்ளங்கையில் வைப்பார். "இந்தா சார், குத்தவாளி" என்பார். பிறகு இரண்டு கையாலும் இரண்டு பக்க மீசையையும் ஒருதரம் முறுக்குவார். வண்டியைத் தொடுவதற்கு முன்னால் சொல்லும் வாக்கும் ஒன்று உண்டு: "குத்தவாளிய உன் கைல குடுக்கல, மீசைய எடுத்துர்றேன்."

சாதாரண மீசையல்ல. அதன் முனைக்கொரு காக்கை உட்காரலாம் என்று பேட்டையில் பேச்சு. இருபத்திரண்டு வருஷமாக அந்த மீசை பணயத்தில் நிற்கிறது. ஒரு மயிர்கூடக் குறையவில்லை. தி.நகரில் ஒரு நகைக்கடை முதலாளியின் வண்டி எண்பதில் போனால் நாதஸ்வரம் வாசித்ததாம். கண்ணாடிக்குக் கீழே மூக்கை நுழைத்திருந்த ஒரு வேப்பங்காம்பைத் துரைராஜ் பிடுங்கிக் கொடுத்தாராம். முதலாளி அதற்குச் சட்டம் போட்டுப் பூஜை அறையில் மாட்டிவைத்திருக்கிறாராம். பார்த்தவர் யார் என்று கேட்கக் கூடாது. துரைராஜ் பார்த்திருக்கிறார், போதாதா?

இப்படி ஊரார் வண்டியில் கொசு பெருமூச்சு விட்டாலும் கேட்கிற மனிதர் போய்வருவது ஒரு மொபெட்டில். அது மந்தைவெளியில் கிளம்பினால் லஸ் முனையில் நாய்கள் எழுந்து வழிவிடும். வீடு இன்னும் மேல். கடலுக்கு நேர் எதிரே, தகரம் படபடக்க, ஜன்னல் ஒன்று எட்டு வருஷமாக அடித்துக்கொண்டிருக்கிறது. மனைவி பாஞ்சாலி மெரினா லூப் சாலையில் மீன் விற்கிறவள். அவள் குரலுக்கு அந்த ஜன்னலே பரவாயில்லை. "ஊரான் காருல ரப்பரு முனகுனா இதுக்குக் கேக்குது. பத்து தபா நான் கூவுனேன், இன்னான்னு திரும்பல. இந்தக் காத இன்னா வெலைக்கு வித்துக்கீது கேளு" என்று வாடிக்கையாளர்களிடமே முறையிடுவாள்.

அந்த மீசைக்குக் கண்டம் அடையாறு காந்தி நகரிலிருந்து வந்தது. வெள்ளை எஸ்யூவி, சொந்தக்காரர் நிரஞ்சன், ஏதோ ஒரு கம்பெனியில் பெரிய பதவி. அவருடைய மனைவி காமாக்ஷி கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறாள். இவர்கள் இரண்டு பேரும் போனால் வண்டி விசில் அடிக்கிறது. நிரஞ்சன் தனியாகப் போனால் அடிப்பதில்லை. துரைராஜை முன்னால் உட்காரவைத்து மகாபலிபுரம் வரை ஓட்டினாலும் அடிப்பதில்லை. முதல்முறை நாலு கதவு ரப்பரையும் மாற்றினார். இரண்டாம் முறை பக்கக் கண்ணாடிகளைக் கழற்றிப் பூட்டினார். மூன்றாம் முறையும் நிரஞ்சன் கூப்பிட்டபோது குரலில் விசாரத்தைவிட உற்சாகம் அதிகமாக இருந்தது.

"துரைராஜ், பிளேடு வாங்கியாச்சா? இல்ல, நான் வாங்கிண்டு வரட்டுமா?"

இந்த வேடிக்கையை அவர் அடுக்ககத்தில் பதினெட்டு வீட்டுக்கும் சொல்லியிருந்தார். துரைராஜ் சிரித்துவைத்தார். ஆனால் அன்று கடையில் முக்காலியில் உட்கார்ந்து, ஒரு முழு டீயும் ஆறும்வரை மீசையை நீவிக்கொண்டிருந்தார். கடைசியில் நிரஞ்சனைக் கூப்பிட்டு ஒன்று மட்டும் கேட்டார்: வருகிற ஞாயிறு காமாக்ஷி அம்மாவும் வண்டியில் வரவேண்டும்.

ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கிளம்பினார்கள். நிரஞ்சன் ஓட்ட, பக்கத்தில் காமாக்ஷி, அவளுக்குப் பின்னால் துரைராஜ். செருப்பைக் கழற்றினார். ஆனால் கண்ணை இந்தமுறை உடனே மூடவில்லை. அதனால்தான் பார்த்தார். காமாக்ஷி ஏறிக் கதவைச் சாத்துமுன், தலைக்கு மேலே கையை நீட்டி, கூந்தலில் பூ செருகுகிற மாதிரி எதையோ கதவின் மேல்விளிம்பில் செருகினாள். பிறகு சாத்தினாள். நிரஞ்சன் அப்போது கண்ணாடியில் தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

ஈ.சி.ஆரில் அக்கரை தாண்டி, எண்பத்திரண்டில் விசில் வந்தது. வாடையில்லை, கச்சானில்லை. மெல்லிய கம்பியை மீட்டுகிற மாதிரி ஒரு ரீங்காரம். துரைராஜின் விரல் எழும்பவில்லை. தொண்டை வறண்டுவிட்டது, இளநீர் குடித்தால் தேவலை என்றார்.

நிரஞ்சன் இறங்கி இளநீர்க் கடைக்கு நடந்ததும், துரைராஜ் இறங்கி, வண்டியின் கால்படியில் ஏறிக் கூரையை எட்டிப் பார்த்தார். குள்ளமான மனிதர், நாலரை வாரமாக அந்த வண்டியோடு புரண்டும் அதன் தலையைப் பார்த்ததில்லை. இடதுபக்கக் கறுப்புக் கம்பியில் கறுப்புக் கயிறு ஒன்று கட்டியிருந்தது. அம்மன் காலடியில் வைத்து வாங்கிய திருஷ்டிக் கயிறு. அதன் நுனி கீழே இறங்கிக் கதவின் ரப்பருக்குள் சிக்கி, வீணைத் தந்தி போல விறைத்து நின்றது. எண்பதில் வருகிற காற்று அதை மீட்டாமல் என்ன செய்யும்? அந்தக் கதவைத் திறந்ததும் நுனி விடுபட்டு, காமாக்ஷி வந்து மறுபடி செருகும்வரை கூரைமேல் சமர்த்தாகப் படுத்துக்கொள்ளும். அப்புறம் ஏது சத்தம்?

குற்றவாளி கிடைத்துவிட்டான். மீசை பிழைத்தது. துரைராஜின் கை கயிற்றின் முடிச்சுக்குப் போனது.

"அவிழ்க்காதீங்கோ" என்றாள் காமாக்ஷி.

போன வருஷம் இதே சாலையில் ஒரு லாரி அவள் பக்கக் கதவை உரசிக்கொண்டு போயிருக்கிறது. யாருக்கும் அடியில்லை. ஆனால் அதற்குப் பிறகு காரில் ஏறினாலே அவளுக்கு மூச்சு முட்டுகிறது. கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள், கயிறு லாரியை நிறுத்தாது என்று அவளுக்கே தெரியும். முதலில் பக்கக் கண்ணாடியில்தான் கட்டினாள். இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய வண்டியில் இது என்ன கந்தல் என்று நிரஞ்சன் அன்றே அறுத்துக் குப்பையில் போட்டார். அவர் கண் படாத உயரத்தில் இன்னொன்று கட்டினாள். நுனி காற்றில் ஆடினால் காட்டிக்கொடுத்துவிடுமே என்று கதவிடுக்கில் செருகிவைத்தாள். விசில் அதனால்தான் என்று இந்த நிமிஷம்வரை அவளுக்குத் தெரியாது.

"இது இருந்தாத்தான் என்னால இந்த சீட்டுல உக்கார முடியறது. அவர் கைல குடுத்தேள்னா இதையும் அறுத்துடுவார்."

துரைராஜ் சாலையின் அந்தப் பக்கம் பார்த்தார். நிரஞ்சன் வழுக்கை அதிகமா தண்ணீர் அதிகமா என்று இளநீர்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தக் கயிறுகளில் துரைராஜுக்கு நம்பிக்கை உண்டா என்றால் கிடையாது. ஆனால் அவருடைய மொபெட் கைப்பிடியிலும் ஒன்று இருக்கிறது. பாஞ்சாலி கட்டியது. அவிழ்த்துப் பார்க்கிற துணிச்சல் இதுவரை அவருக்கு வந்ததில்லை.

செருகியிருந்த நுனியை உருவினார். கம்பியைச் சுற்றிக் கொடி படருகிற மாதிரி நெருக்கமாக, ஒட்டினாற்போல் கயிற்றைச் சுற்றினார். நுனியை முடிச்சுக்கு அடியிலேயே விட்டு இழுத்தார். கறுப்பில் கறுப்பு கலந்தது. ஏணி போட்டு ஏறினாலும் தெரியாது. விறைத்து நின்றால்தான் அது பாடும். சுற்றிப் படுக்கவைத்துவிட்டால் வாய் திறக்காது.

"இனிமே செருவாதம்மா. அது பாட்டுக்குக் கெடக்கட்டும்."

காமாக்ஷிக்கு அப்போதுதான் மீசை நினைவுக்கு வந்தது. பதினெட்டு வீட்டில் அவள் வீடும் ஒன்றல்லவா. டிக்கியில் கிடந்த அவருடைய பையைக் காட்டினாள். அதில் பழைய ரப்பர் துண்டுகள் எத்தனையோ இருந்தன. "ஏதாவது ஒண்ணைக் குடுத்துடுங்கோளேன். அவருக்கு எங்கே தெரியப்போறது?"

வேப்பங்காம்புக்குச் சட்டம் போட்ட கதையைச் சொல்லித் திரிந்த மனிதர், நாதஸ்வரம் வாசிக்கிற காரைக் கேட்ட மனிதர், அந்தப் பையை ஒருமுறை பார்த்தார்.

"அது இன்னாம்மா பண்ணுச்சு?" என்றார். "சும்மா கெடந்த ரப்பர மாட்டி வுடச் சொல்றீங்களே."

திரும்பும் வழியில் எண்பது, தொண்ணூறு, நூறு. வண்டிக்குள் நிரஞ்சன் இளநீர் ஏப்பம் விட்டதுகூடத் தெளிவாகக் கேட்டது. அடுக்கக வாசலில் நிறுத்தி இறங்கியதும் அவர் உள்ளங்கையை நீட்டினார். விசில் போய்விட்டது, ஒத்துக்கொள்கிறேன், குற்றவாளி எங்கே என்றார்.

"கெடைக்கல சார்."

"அப்போ சத்தம் எப்படிப் போச்சு?"

"அதுவா போய்க்கினுகீது."

நிரஞ்சன் அந்த வாரம் அலுவலகத்திலும் சொல்லிச் சிரிக்க விஷயம் கிடைத்த சந்தோஷத்தில், பரவாயில்லை, மீசை இருந்துவிட்டுப் போகட்டும் என்று பெருந்தன்மை காட்டினார். துரைராஜ் நேரே மந்தைவெளி சலூனுக்குப் போனார். முடிதிருத்துகிறவர் மூன்றுதரம் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் கத்தியை எடுத்தாராம். வீட்டு வாசலில் பாஞ்சாலி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "யாருயா நீ? அந்தாளு வேலைக்குப் போய்க்கீறாரு, அப்பால வா" என்று மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

நாலாம் நாள் நிரஞ்சனிடமிருந்து மறுபடி அழைப்பு. விசில் போனதிலிருந்து 'டொக் டொக்' என்று புதிதாக ஒன்று கேட்கிறதாம். துரைராஜுக்கு ஆச்சரியமில்லை. பெரிய சத்தம் எழுந்து போனால், பின்னால் வரிசையில் காத்திருந்த சின்னச் சத்தம் முன்னால் வந்து உட்காரும். தொழிலில் இருக்கிறவருக்கு இது தெரிந்ததுதான். மொபெட் வருவது கேட்டே பதினெட்டு வீட்டு பால்கனியிலும் தலைகள் முளைத்தன. முகத்தைப் பார்த்ததும் நிரஞ்சன் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. காமாக்ஷி இரண்டாம் மாடியில் துணி உலர்த்துகிற சாக்கில் கொடியருகே நின்றாள்.

துரைராஜ் செருப்பைக் கழற்றி ஏறிக் கண்ணை மூடினார். வண்டி அடுக்ககத்துக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றியது. விரல் எழும்பிப் பின்பக்கம் காட்டியது. மூன்றாவது வரிசை இருக்கைக்கு அடியில் கையை விட்டுத் துழாவி, காய்ந்து சுருங்கிப் பூஞ்சை பூத்த ஒரு தேங்காய் மூடியை எடுத்தார். வண்டி வாங்கிய அன்று உடைத்த பூஜைத் தேங்காய்.

செய்தித்தாளில் மடித்து, நிரஞ்சனின் உள்ளங்கையில் வைத்தார்.

"இந்தா சார், குத்தவாளி."

சொன்ன கையோடு இரண்டு கைகளும் பழக்கத்தில் மேலே எழும்பின. பால்கனிகளில் சிரிப்பு வெடித்தது. துரைராஜ் கையைக் கீழே போடவில்லை. வெறும் உதட்டுக்கு இரண்டு பக்கமும் இருந்த காற்றை நிதானமாக, முனைவரை இழுத்து முறுக்கிவிட்டுத்தான் செருப்பைத் தேடினார்.