குணாளன் ஊதுவதை விட்ட கதை

குணாளனின் வேப்பில், அதாவது அவன் ஊதுகிற மின்சிகரெட்டில், நிக்கோட்டின் இல்லாமல் போய் ஐந்து மாதமாகியிருந்தது. அது தானாகப் போய்விடவில்லை. ஐம்பது மில்லிகிராமிலிருந்து முப்பது, முப்பதிலிருந்து பன்னிரண்டு, பிறகு ஆறு, மூன்று என்று ஒரு வருடமாகப் படிப்படியாக இறங்கி, ஒருவழியாகச் சைபரில் கால் ஊன்றியிருந்தான். வேப் கடை ஹஃபிசுல் வேப்பில் ஊற்றுகிற அந்தச் சைபர் ஜூஸ் பாட்டிலை எடுத்துக் கொடுக்கும்போதே சிரித்தான்.

"அண்ணே, இதுல ஒண்ணுமே இல்ல. மாம்பழ வாசனை மட்டுந்தான். இதுக்கு நீங்க மாம்பழத்தையே தின்னுட்டுப் போயிரலாம்."

குணாளன் தைப்பிங்கில் பதினேழு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். அவனிடம் படித்தவர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். ஏரிக்கரை ரோட்டில் ஒழுங்காகச் சிக்னல் போட்டுத் திரும்புகிற காரைப் பார்த்தால் அது தன் கைவரிசைதான் என்று மனைவி ஷாமளாவிடம் பீற்றிக்கொள்வான். ஒழுங்காகத் திரும்பாதவர்களெல்லாம் வேறு பள்ளிக்கூடம்.

அவனுக்கு ஊரில் ஒரு நல்ல பேர் உண்டு. திட்ட மாட்டான். இந்தத் தொழிலில் அது லேசுப்பட்ட பேர் இல்லை. அடிமட்டக் குச்சியால் முட்டியில் தட்டுகிற மாஸ்டர்கள் உண்டு. மாணவியின் அம்மா, அப்பா, தாத்தா வரைக்கும் இழுத்து வைத்துப் பேசுகிறவர்களும் உண்டு. குணாளன் மட்டும் மாணவர் தப்பு செய்தவுடன் இடப்பக்க ஜன்னலை நாலு விரல் இறக்குவான், கதவோரம் செருகியிருக்கும் வேப்பை எடுப்பான், ஒரு இழுப்பு இழுத்து வெளியே ஊதுவான். அந்தப் புகை கலைவதற்குள் வாயில் வந்த வசவும் கலைந்துவிடும். காருக்குள் ஊதக்கூடாது என்று ஓட்டுநர் பள்ளியில் அட்டை எழுதி ஒட்டியிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே ஊதினால் அது காருக்குள் ஊதியதாகாது என்பது குணாளனின் சட்டம்.

பதினொரு வருடம் இப்படியே ஓடிவிட்டது. அந்த நல்ல பேரில் பாதி வேப்புக்குச் சொந்தம் என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

சைபருக்கு வந்த பிறகும் இருமல் விடவில்லை. ஷாமளாதான் ஒருநாள் கேட்டாள். "ஒண்ணுமே இல்லாததப் போயி எதுக்குங்க இழுக்கறீங்க? வேல இல்லாத வேல." அன்றைக்கே குணாளன் வேப்பைத் துடைத்து, அடுப்படி இழுப்பறையில் கரண்டிகளுக்கு அடியில் போட்டுவிட்டு, இனித் தொடுவதில்லை என்றான்.

கஷ்டம் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. வேப்புக்கு முன்னால் சிகரெட்டை விட்ட காலத்தில் ஊரே அவனுக்காக உச்சுக் கொட்டியது. தலை வலிக்கிறது என்றால் மாமியார் சுக்குக் காப்பி போட்டு அனுப்பினார். இந்த முறை ஒரு நாதி இல்லை. உடம்புதான் எதையும் கேட்கவில்லையே! கேட்டது கைதான். கியர் சத்தம் கரகரவென்று கேட்டதும் இடது கை தானாகக் கதவோரம் போய்த் துழாவும். வெறுங்கையோடு திரும்பி வந்து தொடைமேல் உட்கார்ந்துகொள்ளும். பிறகு மறுபடியும் போகும். சாப்பிட்டு முடித்ததும் போகும், சிவப்பு விளக்கில் நின்றதும் போகும், மழை பிடித்தால் போகும். தைப்பிங்கில் மழைக்கா பஞ்சம்?

"காத்த விடறதுக்கா மச்சான் இவ்ளோ அலப்பற பண்ற?" என்று கேட்டான், கூட வேலை செய்கிற ரோஸ்டி. கேட்டுக்கொண்டே ஸ்ட்ராபெரி வாசனையில் ஒரு மேகத்தை விட்டான். மலாய்க்காரன்தான், ஆனால் குணாளனிடமிருந்து மச்சான் என்கிற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு பத்து வருடமாகிறது.

குணாளன் குவாச்சி என்கிற உப்பு விதையைக் கொறித்துப் பார்த்தான். விதையின் தோல் சீட்டிடுக்கெல்லாம் விழுந்து, எறும்பு வந்து, ஒரு மாணவன் ரவுண்டானாவில் வைத்துத் துள்ளிக் குதித்தான். புளிப்பு ஊறுபழம் வாயில் போட்டதில் நாக்கு புண்ணாகிப்போனது. குளிர்பானக் குழாயைக் கடித்தான். அது கொஞ்சம் பரவாயில்லை என்றாலும் நாற்பத்து மூன்று வயசில் வெறும் குழாயை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவனுக்கே கேவலமாக இருந்தது. கடைசியில் ஒரே வழிதான் மிஞ்சியது. பல்லைக் கடித்துக்கொண்டு வாயை மூடி உட்கார்ந்திருப்பது. திறந்தால் திட்டிவிடுவோம் என்று அவனுக்குப் பயம்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. இதற்கு முன் நாலு தடவை விட்டிருக்கிறான். நாலு தடவையும் ஒரு நல்ல காரணம் வந்துதான் திரும்பத் தொட்டான். ஒருமுறை மச்சினன் கல்யாணம், ஒருமுறை வெள்ளம், ஒருமுறை மகளின் பரீட்சை ரிசல்ட். நாலாவது காரணம் அவனுக்கே மறந்துவிட்டது. ஐந்தாவதாக ஒரு நல்ல காரணம் வந்து நின்றால் தான் அவ்வளவுதான் என்று அவனுக்கு நன்றாகவே தெரியும்.

அந்தக் காரணம் மங்களேஸ்வரி அக்கா உருவத்தில் வந்தது.

அக்காவுக்கு ஐம்பத்தாறு வயசு. ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் வார்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் பழைய மேன்வல் கார் ஒன்று நிற்கிறது. அதை ஓட்டுகிற உரிமை அத்தனை வருடமும் வீட்டுக்காரரிடம்தான் இருந்தது. சந்தைக்கு, கோவிலுக்கு, தங்கச்சி வீட்டுக்கு என்று எங்கே போக வேண்டுமானாலும் முதலில் அவர் மூஞ்சியைப் பார்த்துக் கேட்க வேண்டும். "எனக்குக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு தம்பி" என்று சொல்லித்தான் அக்கா சில மாதங்களுக்கு முன் அவனிடம் வந்து சேர்ந்தார். இரண்டு முறை டெஸ்டில் தோற்றாகிவிட்டது. எல் அட்டை என்கிற பழகுநர் உரிமம் முடிய மூன்று வாரம்தான் பாக்கி. இந்த முறையும் தோற்றால் எழுத்துப் பரீட்சையிலிருந்து மறுபடி முதலில் ஆரம்பிக்க வேண்டும்.

அன்று காலை கமுண்டிங் பக்கம் ஒரு முச்சந்தி. அக்கா வலது பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், கோவிலுக்குள் நுழைகிற மாதிரி சாவதானமாக நுழைந்தார். மணல் லாரி ஒன்று ஹாரனை அழுத்திக்கொண்டு வந்தது. குணாளன் தன் காலடியில் இருந்த பிரேக்கை மிதித்தான். கார் முக்கி நின்றது. லாரிக்காரன் குனிந்து என்னவோ சொல்லிவிட்டுப் போனான்.

மூன்று வாரமாக மூடிவைத்திருந்த வாய் திறந்துவிட்டது.

"என்னக்கா இது! கண்ணாடியும் பாக்கல, வலது பக்கமும் பாக்கல! இன்னும் ஒரு முழம் போயிருந்தா ரெண்டு பேரும் எமனத்தான் பாத்திருப்போம்! ஆஸ்பத்திரியில வேல பாத்தவங்கதானே நீங்க? மறுபடியும் அங்கயே போய்ப் படுக்கணுமா?"

அக்கா காரை ஓரம் கட்டினார். அழப்போகிறார் என்று குணாளன் நினைத்தான். அக்கா இடுப்பில் கை வைக்க இடமில்லாததால் ஸ்டியரிங்கில் கை வைத்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினார்.

"நீங்க ஊதலையே!"

"என்னாது?"

"நீங்க ஊதவே இல்லையே தம்பி! நீங்க ஊதலன்னா நான் சரியா ஓட்டறேன்னுதானே அர்த்தம்?"

அக்காவே விளக்கினார்.

"நீளமா ஒண்ணு ஊதுனீங்கன்னா கிளச்சப் படக்குன்னு விட்டுட்டேன். சின்னதா ரெண்டு ஊதுனா கண்ணாடி பாக்கல. ஊதிட்டுத் தலைய ஆட்டுனா கியரு தப்பு. அத வச்சுத்தானே நான் ஓட்டிக்கிட்டு வந்தேன்? இப்ப மூணு வாரமா நீங்க ஒண்ணுமே ஊதல. வீட்ல போயி அவருகிட்ட சொன்னேன், எனக்கு எல்லாம் வந்துருச்சு, மாஸ்டரு வாயே தொறக்கறதில்லன்னு."

சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியாமல் குணாளன் இரண்டையும் செய்தான். மத்தியானம் வந்த மாணவியிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டுப் பார்த்தான். அந்தப் பெண்ணும் தயங்கித் தயங்கி ஆமாம் என்றாள். சாயங்காலம் வந்த சீனப் பையன் புகையின் நீளத்தைக் கையால் அளந்தே காட்டினான். பதினொரு வருடமாக வாயால் சொல்லிக்கொடுத்ததாக அவன் நினைத்துக்கொண்டிருந்ததில் எத்தனையோ புகையால் சொன்னது.

அன்று காலை இறங்கும்போது, அவன் சைபர் வேப்பையும் விட்ட கதையைக் கேட்டுவிட்டு அக்கா ஒன்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். "டெஸ்டு முடியற வரைக்கும் ஊதுங்க தம்பி. அதுலதான் ஒண்ணும் இல்லேங்கறீங்களே. எனக்காக. புண்ணியமா போகும்."

இதற்கு மேல் ஒரு நல்ல காரணம் யாருக்குக் கிடைக்கும்? வயசில் மூத்த பெண்மணி, எல் முடிகிற நேரம், உள்ளே நஞ்சும் கிடையாது, போதாக்குறைக்குப் புண்ணியம் வேறு. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் குணாளனின் இடது கை குஷியாக இருந்தது. வீட்டில் நுழைந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் இழுப்பறையைத் திறந்து, கரண்டிகளை ஒதுக்கி, வேப்பை எடுத்துச் சார்ஜில் போட்டான்.

ஷாமளா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பார்த்தாள். அவள் கேட்பதற்குள் அவனே எல்லாவற்றையும் கொட்டினான். லாரி, எல் அட்டை, புகைக் கணக்கு, புண்ணியம்.

"எனக்காக இல்ல ஷாமளா. அந்த அக்காவுக்காகத்தான்."

"சரி" என்றாள் ஷாமளா, கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அப்ப அவங்களயே ஊதச் சொல்லுங்க."

"அவங்க எப்பிடி ஊதுவாங்க? அவங்களுக்கு வேப்பெல்லாம்..."

"வேப் எதுக்கு? அதுலதான் ஒண்ணும் இல்லேல? ஒண்ணும் இல்லாததுக்கு எதுக்கு மெசினு? தப்பு பண்றவங்க வாயால ஊதட்டும்."

குணாளனுக்குக் கோபம் வந்தது. கையில் வந்த பண்டத்தைப் பிடுங்கிவிட்டாள் என்ற கோபம். ஆனால் சாப்பிடும்போது யோசித்தான், படுக்கும்போதும் யோசித்தான். அவள் சொன்னதில் ஓட்டை தேடினான், கிடைக்கவில்லை. காலையில் வேப் பச்சை விளக்கோடு தயாராக இருந்தது. ஒயரைப் பிடுங்கி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனான். நாலு தடவை தோற்றவன் சும்மா ஒன்றும் வைத்துவிட்டுப் போகவில்லை. வாசல்வரை போய் இரண்டு முறை திரும்பி வந்தான்.

"அக்கா, இனிமே நான் ஊத மாட்டேன். தப்பு பண்ணா நீங்களே ஊதணும். நல்லா மூச்ச இழுத்து, மெதுவா. ஊதி முடிச்சிட்டு, என்னா தப்புன்னு எங்கிட்ட சொல்லணும்."

"வெறும் வாய்லயா? பாக்கறவங்க என்னா நெனைப்பாங்க?"

"நான் பதினோரு வருசமா ஊதுனேன், யாராச்சும் ஏதாச்சும் நெனச்சாங்களா?"

முதல் நாள் அக்கா எல்லாவற்றுக்கும் ஊதினார். சிக்னலுக்கு, மாட்டுக்கு, எதிரில் வந்த போஸ்ட்மேனுக்கு. கார் நிறையக் காற்று. இரண்டாம் நாள் ஊதிவிட்டு, "கண்ணாடி" என்று தானே சொன்னார். மூன்றாம் நாள் தவறே நடக்காதபோது ஒரு நீள ஊது வந்தது.

"எதுக்குக்கா ஊதுனீங்க? சரியாத்தானே போறீங்க?"

"கிளச்ச விடப்போனேன் தம்பி. வருதுன்னு தெரிஞ்சுச்சு. அதான் முன்கூட்டியே ஊதிட்டேன்."

குணாளன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரிப்பு அடங்கியதும் பேசினான். கிளச்சை எந்த இடத்தில் பிடித்து நிறுத்த வேண்டும், பாதத்துக்கு அது எப்படித் தெரியும் என்றெல்லாம் வாயால், நிதானமாக, திட்டாமல் சொன்னான். வாயைத் திறந்தால் வசவுதான் வரும் என்று பயந்திருந்தவனுக்கு அது புதுசாக இருந்தது.

கை மட்டும் அடங்கவில்லை. அது பாட்டுக்குக் கதவோரம் போய்க்கொண்டுதான் இருந்தது. போனால் போகிறது என்று விட்டுவிட்டான்.

டெஸ்ட் அன்று மழை இல்லை. மேட்டில் ஏறி, மஞ்சள் கோட்டில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி எடுக்க வேண்டும். அக்கா இரண்டு முறை தோற்றதும் அங்கேதான். மாஸ்டர்களெல்லாம் தகரக் கொட்டகையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்காவின் கார் ஏறியது, நின்றது. கிளம்பும்போது உதறி, இஞ்சின் அணைந்தது. ஹேண்ட்பிரேக் பிடித்திருந்ததால் உருளவில்லை.

அந்த நேரம் பார்த்துக் குணாளன் பக்கத்தில் நின்ற ரோஸ்டி ஒரு பெரிய மேகத்தை விட்டான். மேடு, கார், அக்கா எல்லாம் வெள்ளையாகிப் போயின.

"இந்தா மச்சான், நீயும் ஒண்ணு இழு. பாக்கவே பாவமா இருக்கு" என்று ரோஸ்டி வேப்பை நீட்டினான்.

"தள்ளிப் போய் ஊதுலா! கார் தெரியல!" குணாளன் கையை வீசி அந்தப் புகையை விலக்கினான்.

விலகிய இடத்தில் அக்காவின் முகம் தெரிந்தது. இரண்டு கன்னமும் உப்பி, உதடு குவிந்து, பக்கத்தில் யாருமில்லாத காரில் அக்கா நிதானமாக ஊதிக்கொண்டிருந்தார். ஊதி முடித்துச் சாவியைத் திருப்பினார். கார் ஒரு அங்குலம்கூடப் பின்வாங்காமல் மேடேறி இறங்கிப் போனது. அதற்குப் பிறகு பார்க்கிங், பிறகு அதிகாரியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ரோட்டு டெஸ்ட். எல்லாம் முடிந்து அக்கா இறங்கி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கையில் தாளைப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"பாஸு தம்பி! பாஸு! அந்த ஆபீசரு கேக்குறாரு, ‘ஏம்மா உங்களுக்கு மூச்சுத் தெணறலா’ன்னு!" சொல்லிச் சிரித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் உள்ள செத்துச் செத்துப் பொழச்சேன். நீங்க இவ்ளோ நேரம் என்னா பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

"நானா? சும்மா நின்னேன்கா."

சொன்ன பிறகுதான் அது அவன் காதில் விழுந்தது. ரோஸ்டி நீட்டியதும், தான் விரட்டியதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒரு மணி நேரம், குவாச்சி இல்லை, குழாய் இல்லை, பல்லைக் கடிக்கவில்லை. குனிந்து தன் இடது கையைப் பார்த்தான். அது எதையும் தேடாமல் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

"சும்மாவா நின்னீங்க?" என்றார் அக்கா, நம்பாமல். "ஒண்ணுமே பண்ணாமயா?"

"ஒண்ணுமே பண்ணலக்கா" என்றான் குணாளன். சந்தோஷம் தாங்காமல் இன்னொரு தடவையும் சொன்னான். "சும்மாவே நின்னேன்."