கோடியே ஒன்று

ஆம்பூர் தோல் மண்டியில் அடுக்குவேலை பார்த்த காலத்தில் கொட்டகையின் மண்சுவர்தான் எனக்குச் சிலேட்டு. சாப்பாட்டு நேரத்தில் கரித்துண்டால் பெருக்கியும் வகுத்தும் பார்ப்பேன். பள்ளிக்கூடத்தில் கால் வைத்தவனில்லை. தோல் தூக்குகிறவனுக்குக் கணக்கு எதற்கு என்று குமாஸ்தா எல்லோர் முன்னாலும் கேட்பார்.

ஒருநாள் அவரே சுவரில் ஒன்று போட்டு, ஆறு சுழி போட்டு, கடைசியில் இன்னொரு ஒன்று போட்டார். கோடியே ஒன்று. எதிலும் மீதியில்லாமல் வகுபடாதாம்.

“இத்த ஒடைச்சிட்டா சொவரு உன்னுது. இல்லன்னா வெள்ளிக்கெழமையோட கரியத் தொடக்கூடாது.”

எனக்குத் தெரிந்த வாய்ப்பாடு பத்துவரைதான். இரண்டு நாள் அதை வைத்து வகுத்தேன், அசையவில்லை. வியாழக்கிழமை தோல் அடுக்கும்போதுதான் பிடிபட்டது. ஒரு தோலின் கழுத்து கிழக்கே என்றால் அடுத்ததன் கழுத்து மேற்கே. அப்படி மாற்றி மாற்றிப் போட்டால்தான் அடுக்கு சாயாது. பதினொன்றின் கணக்கும் அதே கதை. பத்து, பதினொன்றுக்கு ஒன்று கம்மி. நூறு, தொண்ணூற்றொன்பதுக்கு ஒன்று ஜாஸ்தி. ஆயிரம், ஆயிரத்தொன்றுக்கு ஒன்று கம்மி. தொண்ணூற்றொன்பதும் ஆயிரத்தொன்றும் பதினொன்றில் மீதியில்லாமல் வகுபடும். சுழி ஒற்றைப்படையில் வந்தால் கம்மி, இரட்டைப்படையில் வந்தால் ஜாஸ்தி. இப்படியே போனால், ஏழு சுழி உள்ள கோடியும் கம்மிப் பக்கம்தான் விழும். அந்த ஒன்றைத்தான் குமாஸ்தா தன் கையாலேயே சேர்த்துவிட்டிருந்தார்!

வெள்ளிக்கிழமை முதலாளி தொழுகைக்குப் போனதும் எழுதிக் காட்டினேன்: பதினொன்று பெருக்கல் 909091. குமாஸ்தா தானே இரண்டு முறை பெருக்கிப் பார்த்தார்.

“சரிடா. ஆனா சொவரு மண்டியோடது. அழிச்சிடு.”

“ஒடைச்சது நானு. அழிக்கறதுன்னா நீங்க அழிங்க சாமி. நான் மறுபடி எழுதுவேன்.”

ஈரச்சாக்கால் அழித்தார். மறுநாள் இன்னும் பெரிதாக எழுதினேன். வேலை போய்விடும் என்று கூட அடுக்குகிறவர் பேஜாரானார். போனால் வாணியம்பாடியில் சுவரே இல்லையா என்றேன்.

அப்புறம் அந்த 909091-ஐப் பிடித்துக்கொண்டேன். அது எதற்கும் மசியவில்லை. 953 வரை பார்த்தால் போதும். அதைவிடப் பெரிய இரண்டு எண்களைப் பெருக்கினால் இதைத் தாண்டிவிடும். அவர் அழிக்க, நான் எழுத, மாதங்கள் போயின. ஒருநாள் சாக்கு இல்லாமல் வந்து நின்றார்.

“எதுவரைக்கும் வந்துக்கிற?”

“தொள்ளாயிரத்து அம்பத்து மூணு. முடிஞ்சிது. இது ஒடையாது.”

அவர் நிழல் சுவரில் விழுந்திருந்தது. கொஞ்சம் நகரச் சொன்னேன். நகர்ந்தார்.