ஓடாத சைக்கிளுக்குக் காற்று

பம்பைக் கழற்றியதும் வால்விலிருந்து காற்று 'உஸ்' என்றது. அம்மா நினைவுக்கு வந்தாள்.

அப்பா கட்டாருக்குப் போன பின் அவருடைய சைக்கிள் விறாந்தையில் சும்மா நின்றது. பாரம் ஒரே இடத்தில் இருந்தால் டயரில் வெடிப்பு விழுமென்று, அம்மா வெள்ளிக்கிழமைகளில் காற்றடித்து, சில்லைக் கொஞ்சம் உருட்டி வைப்பாள்.

"ஆரும்மா இத ஓடப்போற?" என்று கேட்டேன்.

"அப்பா வரக்குள்ள காத்தில்லாமக் கிடந்தா, நாம அவர மறந்துட்டமெண்டு நினைப்பார், புள்ள."

அவர் வரவேயில்லை. வீட்டருகே கடலோடு சேரும் வாவியின் உப்புக்காற்றில் ரிம் துருப்பிடித்தது. டயர் மட்டும் கல்லுப்போல இருந்தது.

இப்போது நிற்பது என் மகனுடைய சைக்கிள். லண்டனிலிருந்து போனில் கோல் எடுத்தவன், "அத வித்துப்போடுங்கம்மா" என்றான்.

டயரைப் பெருவிரலால் அமத்திப் பார்த்தேன்.

"காத்து நிக்குது, மனே" என்றேன்.