கூறை மாற்றும் அறையில் ஒரு ராணி

நம்பாதவர்கள் நம்பாமலே இருக்கட்டும். அந்த அறையில் நின்றவள் நான். நடந்தது பட்டப்பகலில்... காலை பதினொன்று பத்துக்கு.

கனடாவில், ஸ்காபரோவில் மணப்பெண் அலங்காரம் செய்வது என் தொழில். பேய் பிசாசு என்றால் சிரிக்கிற ஆள் நான். போன ஜூனில் றிச்மண்ட் ஹில்லில் ஒரு பழைய மாளிகை மண்டபத்தில் கல்யாணம். மணப்பெண் கஜனி நோர்வேயில் பிறந்தவள். தங்கை சுபாங்கிக்குப் பரீட்சை இருந்ததால் வரமுடியவில்லை. அலங்காரத்துக்கு நடுவில் கஜனி போன் எடுத்து அவளோடு நோர்வே மொழியில் கதைத்தாள். கதைத்து முடித்து அழுதாள்.

“தங்கச்சிக்கு ஒவ்வொரு நாளும் போன் எடுப்பன் எண்டு சொல்லியிருக்கிறன் அக்கா.”

எனக்கு மேக்கப் கெடுகிற கவலை.

அறைச் சுவரில் ஒரு வெள்ளைக்கார ராணியின் பெரிய படம். மண்டப மனேஜர் றிச்சர்ட் அண்ணையிடம் யார் என்று கேட்டேன்.

“இவவை வேற நாட்டில இருந்து கலியாணம் கட்டிக் கொண்டந்தவை. எல்லையில வச்சு, அவவின்ர நாட்டு உடுப்பு, நகை எல்லாம் கழட்டிப் போட்டுத்தான் உள்ள விட்டவையாம். தன்ர பாசையும் கதைக்கக் கூடாதாம். கன காலம் கழிச்சுத் தங்கச்சி பாக்க வர, இவவுக்கு ஒரு சொல்லும் விளங்கேல்லையாம்.”

தாலி கட்ட முன் மணப்பெண் மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கும் கூறைச்சேலைக்கு மாற வேண்டும். மாப்பிள்ளையின் அம்மா மங்கையற்கரசி அன்ரி கூறைத் தட்டை என்னிடம் நீட்டினார்.

“அங்க இருந்து கொண்டந்த ஒண்டும் மேலில இருக்கக் கூடாது. எல்லாத்தையும் கழட்டச் சொல்லும்.”

அதைச் சொன்னது அந்தப் படத்துக்கு நேர் கீழே நின்று.

கதவைப் பூட்டினேன். உள்ளே நாங்கள் இரண்டு பேர்தான். நான் குனிந்து ஊசி தேடினேன்.

“அக்கா, உங்கட கை ஏன் இப்பிடிக் குளிருது?”

நான் அவளைத் தொடவில்லை...

நிமிர்ந்தேன். அவள் அம்மா போட்டுவிட்ட காப்பு, தானாகக் கழன்று விழுந்தது.

டிங்...

பிறகு மற்றக் கைக் காப்பு.

டிங்...

கஜனி கண்ணை மூடி நோர்வே மொழியில் ஏதோ முணுமுணுத்தாள். பயத்தில் என்று நினைத்தேன். அவள் வாய் நின்றது.

முணுமுணுப்பு நிற்கவில்லை.

சுவர்ப் பக்கமிருந்து வந்தது...

கூறையை எப்படிச் சுற்றிவிட்டேன் என்று எனக்கே தெரியாது. அவளை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். தாலி ஏறியது. யாரும் எதையும் கவனிக்கவில்லை.

இரண்டு கிழமை கழித்து கஜனி என் வீட்டுக்கு வந்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது.

“அக்கா, எனக்கு நோர்வே பாசை மறந்து போச்சு. ஒரு சொல்லும் வருகுதில்லை. தங்கச்சிக்கு ஒரு நாளும் எடுக்கேல்லை. பயமாக் கிடக்கு.”

அவளிடம் நம்பர் வாங்கி, நானே என் போனில் சுபாங்கியை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு, அக்காவுக்கு அலங்காரம் செய்தவள் என்று சொன்னேன்.

“அக்கா, பிறகு எடுங்கோ,” என்றாள் அவள், தட்டுத்தடுமாறிய தமிழில். குரலில் சந்தோசம். “கஜனியக்கா மற்ற லைன்ல. எவ்ரிடே கோல் பண்ணுறா.”

கஜனி என் பக்கத்தில்தான் இருந்தாள். அவளுடைய போன் மேசையில் கிடந்தது.