ஐந்நூறு யூனிட்டுக்குள் ஒரு வீடு

மீட்டர் ரீடிங் எடுக்க வந்தவர் வெள்ளை அட்டையில் 538 என்று எழுதிக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "ஐநூறத் தாண்டிருச்சேம்மா. மாடியில அண்ணன் குடும்பம்தான? தனியாப் பொங்கித் தின்னா தனி மீட்டரே வாங்கிக்கிரலாம்." அவர் அடுத்த வீட்டுக் கேட்டைத் திறப்பதற்குள் நான் மாடிப்படியில் பாதி ஏறியிருந்தேன்.

எனக்கு அவசரம் இருந்தது, பில் ஏறினால் பழி என் தலையில்தான். வெந்நீருக்கு ஹீட் பம்ப் வாங்கலாம் என்று வீட்டில் வாதாடி ஜெயித்தவள் நான். மொட்டை மாடியில் ஏசியின் வெளிப்பெட்டி மாதிரி நிற்கும். காற்றில் இருக்கிற சூட்டை எடுத்துத் தொட்டித் தண்ணீரில் இறக்கிவிடும். கீசரைவிட ரொம்பக் குறைவான கரண்ட். திண்டுக்கல் காற்றில் சூட்டுக்கு என்ன பஞ்சம்? சோலார் போட வழியில்லை, பக்கத்து வீட்டு மூன்றாவது மாடி எங்கள் வெயிலை மறைத்துவிட்டது. பொறியியல் படித்துவிட்டு வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்த எனக்கு, அந்த ஹீட் பம்ப்தான் முதல் வேலை கிடைத்த மாதிரி.

அது அம்மாவுக்காக வந்தது. அப்பா இறந்த பிறகும் வேலையை விடாமல், தொடக்கப் பள்ளியில் கடைசிவரை சாக்பீஸ் பிடித்தவள் அம்மா. இப்போது விரல் மூட்டெல்லாம் வீங்கிவிட்டது. காலையில் கால் மணி நேரம் கையை வெந்நீரில் வைத்தால்தான் விரல் மடங்கும். மடங்கியதும் ஸ்டூலில் உட்கார்ந்து, பிளாஸ்டிக் டப்பில் அண்ணன் மகளைக் குளிப்பாட்டுவாள். ஒன்றரை வயதுக் குழந்தை தண்ணீரை அடிக்க, அம்மாவின் கை நெடுநேரம் வெந்நீருக்குள்ளேயே இருக்கும். மருந்தும் அதுதான், சந்தோஷமும் அதுதான்.

அந்த வெந்நீரோடு மாடி ஏசியும் சேர்ந்ததில்தான் இரண்டு மாதக் கணக்கு ஐந்நூறைத் தாண்டியது. தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, அதற்கு முந்தைய யூனிட்டுகளுக்கும் சேர்த்து ஏறிவிடும். பகலில் ஒரு விலை, இரவில் ஒரு விலை என்று வீட்டு இணைப்புக்குக் கிடையாது, இருந்தால் ஹீட் பம்ப்பை நேரம் பார்த்து ஓட்டியிருப்பேன். ஏசியை நிறுத்தலாம், வெந்நீரைக் குறைக்கலாம், இல்லை வீட்டை இரண்டு மீட்டராகப் பிரிக்கலாம். லேப்டாப்பில் அட்டவணை போட்டேன். மூன்றாவது வழி மற்ற இரண்டையும் அடித்துப் போட்டது.

இரண்டாவது இணைப்புக்கு மாடி தனி வீடாக இருக்க வேண்டும் என்றார்கள் மின்வாரியத்தில். தனி வாசல், தனிச் சமையல், தனி ரேஷன் கார்டு.

"ஏ இஞ்சினியரம்மா, ஒரு அடுப்ப வாங்கி மேல வச்சாப் போதும்ல?" என்றான் அண்ணன். "வந்து பாத்துட்டுப் போயிருவாக. நாம பாட்டுக்குக் கீழயே தின்னுக்கிருவோம்."

"போதும்ணே."

அம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். "அப்ப பொய்யா எழுதப் போறீக?"

"ஊரே அப்படித்தான் எழுதுதும்மா."

"ஊரு ஞாயித்துக்கிழம சர்ச்சுப் பூசையில என் பக்கத்துல நின்னு நன்மை வாங்கப் போறதில்ல, நீங்கதான் வாங்கப் போறீக. தனிச் சமையல்னு எழுதுனா தனியாத்தான் சமைக்கணும். இல்லாட்டி எழுதாதீக."

வேண்டாம் என்று சொல்ல அம்மாவுக்குத் தெரிந்த வழி அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. அன்று எனக்கு அது பூர்த்தி செய்ய வேண்டிய இன்னொரு நிபந்தனையாகத்தான் கேட்டது. "சரிம்மா, நெசமாவே தனியாச் சமைக்கட்டும். அதுல என்ன வந்துச்சு?" என்றேன். மதினி அடுப்படியில் இருந்தாள். தாளிக்கிற சத்தம் கேட்டது. அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஒரு மாதத்தில் எல்லாம் முடிந்தது. வீட்டுக்குள்ளிருந்த மாடிப்படியின் வாயைச் செங்கல் வைத்து அடைத்தோம். வெளியே இரும்புப் படி வந்தது. ஒரு மீட்டரின் கரண்டில் காய்ந்த தண்ணீரை இன்னொரு மீட்டர் வீட்டுக்கு விடுவது சரியில்லை என்று மாடிக்குப் போகும் வெந்நீர்க் குழாயையும் அம்மாவே ஆள் கூப்பிட்டு அடைக்கச் சொன்னாள். எழுதிக் கொடுத்ததில் ஒரு எழுத்துகூடப் பொய்யாகக் கூடாது அவளுக்கு. முன்பு உள்படியில் சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறிவிடுவாள். இரும்புப் படியின் கம்பியை அந்த விரல்களால் பிடிக்க முடியவில்லை. என் அட்டவணையில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

முதலில் குழந்தையைத் தினமும் கீழே தூக்கி வந்தார்கள். மழை பெய்து படி வழுக்கிய வாரம் வரவில்லை. மதினி வாளித் தண்ணீரில் கரண்ட் ராடு போட்டுச் சூடாக்கி மேலேயே குளிப்பாட்டிப் பழகினாள். சாயங்காலம் எல்லோரும் கூடத்தில் சேர்ந்து செபமாலை சொல்லிவிட்டுச் சாப்பிடுவது எங்கள் வழக்கம். இரண்டு அடுப்பு வந்ததும் சாப்பாட்டு நேரம் இரண்டாயிற்று, அப்புறம் செபமும் இரண்டாயிற்று. சண்டை ஒன்றும் நடக்கவில்லை. கூட்டு, பொரியல் என்று வெஞ்சனக் கிண்ணம் மேலும் கீழும் போய் வந்தது, பக்கத்து வீட்டுக்குப் போவது மாதிரி, காலியாகத் திரும்பாமல்.

அம்மா கூடத்தில் உட்கார்ந்து விட்டத்தைப் பார்ப்பாள். குட்டிக் கால்கள் ஓடுகிற சத்தம் கேட்கும். "இப்ப அடுப்படிக்குப் போறா," என்பாள். செத்த நேரம் கழித்து, "விழுந்துட்டா. அழல பாரு," என்பாள்.

அடுத்த ரீடிங்கில் இரண்டு மீட்டரும் சேர்ந்தே நானூறைத் தொடவில்லை. "நல்ல யோசன பண்ணீகம்மா," என்றார் அவர். நான் சிரித்துவிட்டு உள்ளே வந்தேன். நானூறு எப்படித் தொடாமல் போனது என்று அன்றைக்குத்தான் தேடிப் பார்த்தேன். ஹீட் பம்ப் சுவிட்ச் அணைந்திருந்தது. அதன் மேல் தூசி. பச்சைத் தண்ணீரிலேயே குளிக்கிற நான் கவனிக்கவே இல்லை.

"ஏம்மா ஆஃப் பண்ணிட்ட?"

"எங்கையி ஒண்ணுக்கு எதுக்கு அம்புட்டுத் தண்ணி? வெட்டியாச் சூடாகிக்கிட்டு."

அன்று சாப்பிடும்போது அம்மாவின் விரலிலிருந்து சோறு நழுவித் தட்டில் விழுந்தது. மறுபடி எடுத்தாள், மறுபடி விழுந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, பசியில்லை என்று எழுந்துவிட்டாள். தட்டைக் கழுவும்போது எனக்கு அழுகை வந்தது. குழாயை வேகமாகத் திறந்து வைத்துக்கொண்டேன்.

போன வாரம் அண்ணனிடம் பேசினேன். இரண்டாவது இணைப்பை ஒப்படைத்துவிடலாம், ஐந்நூறைத் தாண்டினால் தாண்டட்டும் என்றேன். "படிய அடச்ச செவுத்த ஒரு நாள்ல இடிச்சிரலாம் புள்ள. ஒன் மதினியக் கேளு," என்றான்.

மேலே போய் மதினியிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். கோபமாக இல்லை. "போகச் சொன்னப்ப எங்கிட்ட யாராச்சும் கேட்டீகளா? மூணு நா அழுதேன், ஒங்க அண்ணனுக்கே தெரியாது. இப்ப இந்த அடுப்பு எனக்குப் பழகிருச்சு. திரும்பவும் ஒங்க கணக்குக்கு நான் எறங்கி வரணுமா?"

இணைப்பை ஒப்படைக்க எழுதிய விண்ணப்பம் கையில் இருந்தது, அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு இரும்புப் படியில் இறங்கி வந்தேன்.

நாளை ஞாயிறு. விண்ணப்பத்தை அலமாரியில் வைத்துவிட்டேன், அண்ணன் கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாகத்தான் இருக்கிறது. பூசைக்குப் புறப்படும் முன் ஹீட் பம்ப்பைப் போடப் போகிறேன். திரும்பி வரும்போது தண்ணீர் காய்ந்திருக்கும். பரணில் கிடக்கும் டப்பைக் கழுவி, அம்மாவின் ஸ்டூலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மேலே போவேன். மீட்டரைப் பற்றியோ சுவரைப் பற்றியோ பேச மாட்டேன். முதலில் மதினியிடம் அன்று கேட்காததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். அதன் பிறகு, அவளுக்கு இஷ்டமிருந்தால், குழந்தையை அரை மணி நேரம் கொடுக்க முடியுமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.